மாடியில் விளைந்த நான்கு கத்திரிக்காய்

பொய் சொல்வது எனக்குக் கஷ்டமில்லை. சொன்ன பொய்யை எதிரில் இருப்பவர் நம்பிவிடும்போதுதான் மாட்டிக்கொள்கிறேன்.

வேலூரில் நான் வேலை பார்த்த ஷூ கம்பெனியை மூடிய வருடம் அது. ரேஷன் அரிசி இருபதாம் தேதிக்குள் தீர்ந்துவிடும். அதன்பிறகு என் மனைவி மல்லிகாவுக்குத் தினமும் 'பசியில்லை'. நானோ மொட்டைமாடியில் பழைய பெயின்ட் வாளிகளில் மண் நிரப்பி, குடும்பத்தையே காப்பாற்றப் போவதாக அறிவித்தேன். நான்கு மாதத்தில் விளைந்தவை நான்கு கத்திரிக்காய். (ஐந்தாவதை அணில் எடுத்துக்கொண்டது. அதற்கும் குடும்பம் இருக்குமே.)

ஜவ்வாது மலையில் மல்லிகாவின் அண்ணன் குமார் சாமைப் பயிர் அறுத்திருந்தார். ஒரு மூட்டை கேட்டு வாங்கிவர, மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு இருவரும் பஸ் ஏறப் போனோம்.

"வெக்கப்படாம கேளுங்க," என்றாள் மல்லிகா. தலையாட்டினேன். ஆனால் அண்ணன் வீட்டுக்கென்று எடுத்துக்கொண்ட கத்திரிக்காய்ப் பை ரொம்ப இளைத்துத் தெரிந்ததால், போகிற வழியில் இரண்டு கிலோ தக்காளி வாங்கிப் போட்டேன். (அந்தக் காசுக்கு அரிசி வாங்கியிருக்கலாம் என்பது தோன்றவே இல்லை.)

"இன்னா மாப்ள, இவ்ளோ தக்காளி?" என்றார் குமார்.

"எல்லாம் நம்ம மாடியில வெளைஞ்சது மச்சான்." அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "காய் வாங்கக் கடைக்கே போறதில்ல. பாதிய அக்கம்பக்கத்துக்குத்தான் குடுக்கறோம்."

மல்லிகா என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

குமாரின் முகம் தெளிந்தது. "அப்பாடா! இந்த வருசம் பாதிய காட்டுப்பன்னி மேஞ்சிட்ச்சி மாப்ள. மிச்சம் ரெண்டே மூட்டை. ஒண்ணு உங்களுக்குன்னு வெச்சிருந்தேன். ஆனா எங்க வூட்லயே சித்திரை வரைக்கும் தாங்காது. எப்பிடிச் சொல்றதுன்னு தவிச்சினு இருந்தேன். நீங்க நல்லா இருக்கீங்க, அது போதும்."

கண் கலங்கி என் கையைப் பிடித்துக்கொண்டார். அதன்பிறகு யாரால் மூட்டை கேட்க முடியும்? மல்லிகாவும் கேட்கவில்லை. அண்ணி போட்ட சாமைச் சோற்றை ஒரு பருக்கை விடாமல் மெதுவாகச் சாப்பிட்டாள். அவள் அப்படிச் சாப்பிட்டு நான் பார்த்துப் பல மாதங்கள் ஆகியிருந்தன.

திரும்பும்போது பஸ் மலை இறங்கி முடித்தது. அப்புறம் மல்லிகா சொன்னாள்: "மாடியில ஒண்ணும் வெளையல. வாயில மட்டும் முப்போகம் வெளையுது உனக்கு." (கோபம் வந்தால்தான் 'உனக்கு' வரும்.)

அந்த மாதக் கடைசியில் கஞ்சிக்குள் அரிசியைத் தேடினோம்.

இப்போது எனக்கு வேறு வேலை இருக்கிறது. ஆனாலும் விருந்தாளிகள் முன்னால் நான் வாயைத் திறந்தால் போதும், மல்லிகாவிடம் இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த மகள் சமையலறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுக்கிறாள்: "அம்மா, அறுப்பு ஆரம்பிச்சாச்சு!"