கண்காணிப்பாளர் கண்டுபிடித்த அடுப்பு

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்தது நாகரிகத்தின் முதல் படி என்றால், விடுப்புப் பிரிவுக் கண்காணிப்பாளர் தன் வீட்டு அடுப்பைக் கண்டுபிடித்தது இரண்டாவது படி. அடுப்பு பதினாறு வருஷமாக அதே இடத்தில்தான் இருந்தது. இருந்தாலென்ன, கண்டுபிடிக்க ஆள் வர வேண்டாமா?

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவர் தன் மனைவிக்கு வாய்மொழி ஆணை பிறப்பித்தார்.

"இன்னைக்கு உனக்கு லீவு. முழு நாள். பாஸ்தா சூப் நானே பண்றேன். மொத்தக் குடும்பமும் ரசிச்சுச் சாப்பிடப் போகுது பாரு."

மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. நூலகத்தில் எடுத்த துப்பறியும் நாவலை மறுநாள் மாலைக்குள் திருப்பித் தர வேண்டும். நாற்பது பக்கம் பாக்கி. கொலைகாரன் யாரென்றே தெரியாமல் திருப்பிக் கொடுக்க நேருமோ என்று ஒரு வாரமாக அவளுக்குக் கவலை. கட்டிலில் காலை நீட்டிப் படுத்துப் பக்கத்தைப் புரட்டினாள்.

"ஏம்மா, பூண்டு எங்க இருக்கு?"

இதன் பெயர் 'ஆலோசனை'. கீழ்மட்டத்தின் கருத்தைக் கேட்பது மேலிடத்தின் பெருந்தன்மை. அவள் எழுந்து வந்து எடுத்துக் கொடுத்தாள். அவருக்குக் கண் எரிந்ததால் வந்ததுதான் வந்தோம் என்று வெங்காயத்தையும் நறுக்கிக் கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்தாள். கேரட்டைச் சீவுவதா, சுரண்டுவதா என்று 'விளக்கம்' கோரப்பட்டது. விளக்கம் செய்முறையாகவே பெறப்பட்டது. பிறகு தக்காளி வதங்கிவிட்டதா என்று ஒரு 'நேரடி ஆய்வு'. அதற்கும், அடுத்தடுத்து வந்த அழைப்புகளுக்கும் அவள்தான் வர வேண்டியிருந்தது.

பாஸ்தாவை மட்டும் அவர் யாரையும் கேட்காமல் போட்டார், முழுப் பாக்கெட்டையும். அது இருந்த தண்ணீரையெல்லாம் குடித்துவிட்டு உப்பிக்கொண்டது. கரண்டி பாத்திரத்தின் நடுவில் விறைப்பாக நிமிர்ந்து நின்றது. ஆபீசில் அவர் முன்னால் யாரும் அப்படி நின்றதில்லை.

"ஏம்மா, இது சூப்புதானே?"

"சுவருங்க," என்றாள் மனைவி.

பாதியை வேறு பாத்திரத்துக்கு மாற்றினாள். வெந்நீர் ஊற்றி, முந்தின நாளே வேகவைத்திருந்த பீன்ஸைச் சேர்த்து, உப்பும் மிளகும் சரிபார்த்துச் சுவரைச் சூப்பாக்கினாள். கண்காணிப்பாளர் மேலே கொஞ்சம் கொத்தமல்லித் தழையைத் தூவினார். அந்த நொடியிலிருந்து அது அவர் சமைத்த சூப்.

மொத்தக் குடும்பமும் உட்கார்ந்து ரசித்தது. மனைவி நின்றுகொண்டு பரிமாறினாள்.

"அப்பா கைப்பக்குவமே தனி," என்றாள் பெரிய மகள், இரண்டாவது கிண்ணத்தை நீட்டி.

"அம்மாவும் பக்கத்துல நின்னு கத்துக்கலாம்ல?" என்றாள் சின்னவள்.

பாத்திரங்கள் நிரம்பி வழிந்த தொட்டி வேறு பிரிவைச் சேர்ந்தது என்பதால் கண்காணிப்பாளர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஏப்பம் விட்டபடி விசாரித்தார்.

"லீவு எப்படிம்மா இருந்துச்சு?"

மனைவி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, நாவலில் அடையாளத்துக்கு வைத்திருந்த தாளை எடுத்து நீட்டினாள்.

"லீவுல இருக்கறவங்கள வேலைக்குக் கூப்பிட்டா அது லீவே இல்ல, வேலை நாள், பதிலுக்கு இன்னொரு நாள் தரணும்னு நீங்கதானே சொல்வீங்க? பதினோரு தடவ கூப்பிட்டீங்க. எனக்கு நாளைக்கு லீவு வேணும். முறைப்படி எழுதியே குடுத்துட்டேன்."

விதி சரியாக இருந்தது. அவரே அனுப்பிய சுற்றறிக்கைதான். தன் நிர்வாகம் வீடு வரை வேரூன்றியதில் அவருக்குப் புல்லரித்துப் போய்விட்டது. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். பதினாறு வருஷப் பழக்கம், கை தானாக ஓடியது: 'பணி நலன் கருதி நிராகரிக்கப்படுகிறது.'

யாருக்கும் சலுகை காட்டாதவர் என்று ஆபீசில் அவருக்குப் பெயர். கட்டிய மனைவிக்கும் காட்டவில்லை, பாருங்கள்!

அவள் தாளைப் படித்தாள். அவரை நிமிர்ந்து பார்த்தாள். நாற்பதில் நான்கு பக்கம்தான் முடிந்திருந்தது. ஆனாலும் கொலைகாரன் யாரென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.