சாவி திரும்பும் வேகம்

அறையில் இருந்தவர்கள்: மேனேஜர், புரோகிராமர், சூடான ஒரு லேப்டாப், மடியில் கைப்பையோடு ஒரு பெரியவர்.

மேனேஜர் வாசல் கதவை உள்ளிருந்து திறந்துவிட்டதும் பெரியவர் சொன்னது ஒன்றுதான். "பூட்டு விஷயமா வந்திருக்கேன்."

பூட்டு கம்பெனிக்காகச் செய்த செயலியைப் பார்க்க அன்று ஆள் வருவதாக இருந்தது. மேனேஜர் அவர் கையைப் பிடித்து அழைத்துவந்து உட்கார வைத்தார். "அந்தக் கதவு..." என்று பெரியவர் ஆரம்பித்தார்.

"கதவும் காட்டுறோம் ஐயா."

இந்த ஆர்டர் போனால் வேலையும் போச்சு என்று புரோகிராமருக்குக் காலையிலேயே சொல்லியாகிவிட்டது.

திரையில் ஒரு கதவின் பூட்டுக்குள் சாவி நுழைந்து திரும்ப வேண்டும். அதை இரண்டு விதமாக வரையலாம். கிராஃபிக்ஸ் கார்டே நேரடியாக வரைவது ஒன்று. கார்டு செய்வதைப் பிராசசர் போலியாகச் செய்து காட்டுவது இன்னொன்று. போலி தப்பு செய்யாது. ஆனால் நகரவும் நகராது. புரோகிராமர் போலியில் ஓட்டினார். லேப்டாப்பின் விசிறி இரைந்தது. சாவி நுழைவதற்குள் பெரியவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து, மாட்டி, மறுபடி கழற்றித் துடைத்தார்.

"நேரடியில போடுப்பா" என்றார் மேனேஜர்.

"அதுல சாவி சொன்னபடி கேக்காது சார்."

"நீ மட்டும் கேக்குறியா? போடு."

போட்டார். சாவி விருட்டென்று போய், பூட்டைத் துளைத்து, கதவின் மறுபக்கம் வந்தது. கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளைப் புதுப்பித்தார். பூட்டு காணாமல் போனது. சாவி அந்தரத்தில் சுற்றியது. அமைப்பில் இன்னும் எதையோ மாற்றினார். சாவி நின்றது, கதவு சுற்ற ஆரம்பித்தது.

பெரியவர் கலங்கவில்லை. இத்தனை வருஷத்தில் இப்படிக் கெட்டுப்போன பூட்டைத் தான் பார்த்ததில்லை என்று மட்டும் சொன்னார்.

வேறு வழியில்லாமல் மறுபடி போலி. விசிறி போட்ட இரைச்சலில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் காதில் விழவில்லை. சாவி தயங்கித் தயங்கி இருபது நிமிடத்தில் ஒரு சுற்று முடித்தது.

பெரியவர் தலையாட்டினார். "இதுதான் சரி. துருப்பிடிச்ச பூட்டு இப்படித்தான் திறக்கும்."

மேனேஜர் புரோகிராமரின் முதுகில் தட்டிக்கொடுத்தார். லேப்டாப்பை அணைத்தார்கள். சத்தம் அடங்கிய பிறகுதான் இன்டர்காம் அடிப்பது கேட்டது. கீழே இருந்து காவலாளி.

"சார், பூட்டு கம்பெனிக்காரங்க கால் மணியா கதவைத் தட்டிப் பாத்துட்டு இப்பதான் இறங்கிப் போறாங்க. வெளியேருந்து திறக்கலைன்னு நான் அனுப்புன ரிப்பேர்காரர் இன்னும் கையே வைக்கலையா?"

மேனேஜர் வெளியே ஓடினார். அவருக்குப் பின்னால் கதவு தானே சாத்திப் பூட்டிக்கொண்டது.