பேச்சுக்குக் கொடுத்த கம்ப்யூட்டர்

"அடடா, எவ்வளவு அழகான கார்டு!" என்றார் பக்கத்து வீட்டு ஹுமாயூன்.

"உங்களுக்கு இல்லாததா? எடுத்துக்குங்க அண்ணே!" என்றார் பீஜன், பழக்கதோஷத்தில்.

தெஹ்ரானில் இதெல்லாம் ஒரு பேச்சுக்குச் சொல்வது. கேட்டவர் "ஐயய்யோ, வேண்டாம்" என்று திரும்பத் திரும்ப மறுக்க வேண்டும். ஹுமாயூனோ ஒரு தடவைகூட மறுக்கவில்லை. "உங்க கை வலிக்காம இருக்கட்டும் தம்பி!" என்று நன்றி சொல்லி, கிராபிக்ஸ் கார்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அது பீஜனுடைய கார்டே அல்ல. பதினாறு வயது மகள் கோல்னார் தன் முதல் கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாக வாங்கித் தானே பூட்டப் போகிறாள். "பிராசஸர் பழசு போதும் பாபா. ராம் அப்புறம் கூட்டிக்கலாம். கார்டு மட்டும் நல்லதா வேணும்" என்று கடை கடையாக அலைந்து, மிச்சம் பிடித்து வாங்கிய கார்டு அது.

விஷயத்தைச் சொன்னபோது அவள் கத்தவே இல்லை. "பரவாயில்ல பாபா" என்றாள். அதுதான் அவரைக் கொன்றது. போன வருஷம் மச்சான் ஜம்ஷீத் சாப்பிட வந்து, அவள் சைக்கிளைப் புகழ்ந்து, அதை ஓட்டிக்கொண்டே வீடு போய்ச் சேர்ந்தபோதும் அள்ளிக் கொடுத்த வள்ளல் இவர்தான். வெள்ளிக்கிழமை அதே ஜம்ஷீத் மறுபடி வருகிறார். இனியும் மகள் முகத்தில் எப்படி விழிப்பது?

"நேராப் போய்த் திருப்பிக் கேளுங்க" என்றாள் மனைவி ஃபரீபா.

"கொடுத்ததை எப்படிடி கேக்கிறது? மானம் போயிடாதா?"

"கார்டு போகலாம், மானம் போகக் கூடாதாக்கும்!"

வெறும் கையோடு போகக் கூடாதென்று பிஸ்தா மிட்டாய் வாங்கிக்கொண்டு போனார்.

"வாங்க தம்பி, என்ன விசேஷம்?"

"அந்தக் கார்டு விஷயமா…"

"அட, நானே சொல்லணும்னு இருந்தேன். உங்க வீட்டு மதர்போர்டு பிரமாதம்!"

பீஜன் நாக்கைக் கடித்தார். கடிப்பதற்குள் அது பேசிவிட்டது. "உங்களுக்கு இல்லாததா?"

மதர்போர்டும் போனது. அதைக் கேட்கப் போனார், கேபினெட் போனது. கேபினெட்டைக் கேட்கப் போனார், பிராசஸரும் ராமும் ஜோடியாகப் போயின.

"இன்னும் ரெண்டு தடவை போனேன்னா வீட்டுச் சாவியும் போயிடும்" என்று தலையில் அடித்துக்கொண்டார். "எல்லாத்துக்கும் பாகம் பாத்து வாங்கினோமே, என் வாய்க்கு ஒரு ஸ்விட்ச் வாங்கினோமா!"

வெள்ளிக்கிழமை காலை. வீட்டில் மிஞ்சியது ஒரு ஸ்க்ரூடிரைவர். தேடினால் அதையும் காணோம். கோல்னாரையும் காணோம். எங்கே போய் அழுகிறாளோ என்று பீஜன் செருப்பை மாட்டினார். மிட்டாய் இல்லாமல், முகமன் இல்லாமல், போய்க் கதவைத் தட்டினார். ஹுமாயூனின் மனைவி ஷஹ்லா திறந்தாள்.

"அக்கா, நான் மனசாரக் கொடுக்கல. ஒரு பேச்சுக்குச் சொன்னேன். மானம் போனாப் போகட்டும், என் பொண்ணு சாமானைத் திருப்பிக் கொடுத்துடுங்க!"

பிறந்ததிலிருந்து இப்படி அவர் யாரிடமும் கேட்டதில்லை. காது மடல் சிவந்துவிட்டது.

ஷஹ்லா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"கொடுக்கிறோம் தம்பி, ஆனா உங்க மச்சான் சாப்பிட்டுக் கிளம்பின அப்புறம்தான், அவர் வர்றதுக்குள்ள ஒவ்வொண்ணா புகழ்ந்து எல்லாத்தையும் வாங்கி இங்க பத்திரப்படுத்தச் சொன்னதே, உள்ள உக்காந்து கம்ப்யூட்டரைப் பூட்டிக்கிட்டிருக்கிற உங்க பொண்ணுதானே!"