பைபாஸுக்குப் பின்னால் பதினோரு கார்

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. சின்ன காஞ்சிபுரத்தில் பிறந்து இருபது வருடம் அங்கேயே வளர்ந்த நான், ஒரு நாள் சென்னை நம்பர் காரில் ஊருக்குள் நுழைந்தபோது, புடவைக்கடைப் புரோக்கர் ஒருவரின் மோட்டார் பைக்கைப் பின்தொடர்ந்து போய், என் பள்ளித் தோழனின் கடையிலேயே, வெளியூர்க்காரர்களுக்கென்று வைத்திருக்கும் விலையில் பட்டுப்புடவை வாங்கியவன். அந்தக் கடைக்கு நேர் எதிர்வீட்டில்தான் நான் பிறந்தேன்.

என்னை இழுத்துப்போனவர் பெயர் பைபாஸ். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. பாஸ்போர்ட்டில் பார்த்தேன், மறந்துவிட்டது. ஊருக்குள் சாலை பிரியும் முனையில் முப்பது வருடமாக நிற்பதால் பைபாஸ். அவரிடம் தப்பிய கார் இதுவரை தயாரிக்கப்படவில்லை. மற்ற புரோக்கர்கள் கண்ணாடியைத் தட்டிக் கத்துவார்கள். பைபாஸ் பேசவே மாட்டார். பின்சீட்டில் எத்தனை பெண்கள், மடியில் கல்யாணப் பத்திரிகைக் கட்டு இருக்கிறதா என்று ஒரே பார்வையில் பார்த்துக்கொண்டு, காருக்கு முன்னால் பைக்கை விட்டு, கோயிலுக்கு வழிகாட்டுகிறவர்போல நிதானமாகப் போவார்.

"ஹாரன் அடிக்காம பின்னாடியே வந்துக்கினு இருந்தான்னா, புடவை வித்தாச்சுன்னு அர்த்தம் சார்" என்பார்.

அப்பேர்ப்பட்டவரை இங்கிலாந்தின் வடக்கே, நவம்பர் மழையில், நான் காரில் ஏற்றிக்கொண்டு போக நேர்ந்தது. நான் அப்போது மான்செஸ்டரில் மகன் வீட்டில் போர்வைக்குள் இருந்தேன். பைபாஸின் மகள் கலைவாணிக்கு மலைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊரில் நர்ஸ் வேலை. வேலையைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு, ஊருக்கு வெளியே சாலையோரத்தில் புடவைக்கடை திறந்திருந்தாள். புடவை வாங்காதவர்கள் காபி குடிக்கட்டும் என்று ஓரமாக ஒரு அடுப்பும் வைத்திருந்தாள். வந்தது மழை மட்டும்தான். கடையை மூடப்போகிறேன் என்று அவள் ஃபோனில் அழுததும் பைபாஸ் விமானம் ஏறிவிட்டார். அவரைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் தண்டனை, ஒரே ஊரில் பிறந்த குற்றத்துக்காக, எனக்கு.

மூன்று மணி நேரப் பயணம். வைப்பர் ஒரு நிமிடம் ஓயவில்லை. வழியில் மலைகள் இருப்பதாகச் சொன்னார்கள். நாங்கள் பார்த்தது மேகத்தையும் ஆடுகளையும்தான். ஆடுகள் நனைந்துகொண்டே எங்களைப் பார்த்து இரக்கப்பட்டன. உச்சியில் வண்டிகள் நிற்கும் இடத்தில், ஒரு காருக்குள் வயதான தம்பதி பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் குடித்தபடி, எதிரே ஒன்றுமே தெரியாத மூடுபனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாராவது செத்துவிட்டார்களா என்று பைபாஸ் மெதுவாகக் கேட்டார். இல்லை, விடுமுறையைக் கழிக்கிறார்கள் என்றேன். அவர் நம்பவில்லை.

ஒவ்வொரு ஊர் எல்லையிலும் கண்ணாடியை இறக்குவார். குளிரும் சாரலும் உள்ளே வரும். ஆள் யாரும் வரமாட்டார்கள்.

"இன்னா ஊரு சார் இது? வெளியூர் வண்டி போவுது, இன்னா வேணும்னு ஒருத்தன் கேக்கல."

எதிரே வரும் கார்களை எடைபோட்டுப் பார்த்தார். பெரும்பாலும் ஒரு கிழவர், ஒரு நாய். நாய்க்கு என்ன பார்டர் காட்டுவது என்றார்.

அந்த மழையில் தனியாகத் திரும்பி ஓட்டத் தைரியம் இல்லாததால் நானும் அங்கேயே தங்கிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமையும் ஆள் வராவிட்டால் மறுநாளே கடையைக் காலி செய்து, சாவியைக் கட்டிடக்காரரிடம் கொடுத்துவிடுவதாகக் கலைவாணி சொல்லியிருந்தாள். ஞாயிறு காலை பைபாஸ் மங்கி குல்லா மாட்டி, மஞ்சள் மழைக்கோட்டு போட்டு, மகளின் சைக்கிளில் கிளம்பிவிட்டார். அரை மணி கழித்து, அப்பாவைக் கொஞ்சம் பார்த்துவிட்டு வரும்படி அவள் என்னைக் காரில் அனுப்பினாள்.

எதிரே கடைப் பக்கமாகத் திரும்பி வந்துகொண்டிருந்த அவரைத் தாண்டிப் போய், வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தபோது பார்த்தேன். இருபுறமும் கற்சுவர் வைத்த குறுகலான, வளைந்து வளைந்து போகும் சாலை. நடுவில் பைபாஸ், தனக்கே உரிய நிதானத்தில். அவருக்குப் பின்னால் பதினோரு கார். கடைசியில் நான். ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. அந்த நாட்டில் முன்னால் சைக்கிள் போனால், தாண்ட இடம் கிடைக்கும்வரை பின்னாலேயே ஊர்வார்கள். அது அவர்கள் மரியாதை. காஞ்சிபுரத்தில் அது வியாபாரம். பைபாஸ் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். கருட சேவைக்குக் குடை பிடிப்பவர்கூட அவ்வளவு நிமிர்ந்து நான் பார்த்ததில்லை.

சரிவில் இறங்கும்போதே கடை தெரிந்தது. ஜன்னலில் கலைவாணி. வரிசையைப் பார்த்ததும் உள்ளே ஓடினாள். பைபாஸ் கையை நீட்டிக் காட்டிவிட்டுக் கடை வாசலுக்குத் திரும்பினார். பதினோரு காரும் நேராகப் போயின. வழிவிட்டதற்கு நன்றியாக ஒவ்வொருவரும் ஒரு கையை உயர்த்திக் காட்டினார்கள். மழையில் நின்றபடி அவரும் ஒவ்வொருவருக்கும் கையை உயர்த்தினார். திரும்பிய ஒரே கார் என்னுடையது.

உள்ளே மேசைமேல் ஏழெட்டுப் புடவைகள் விரித்திருந்தன. அடுப்பில் பெரிய பாத்திரம் நிறையப் பால். கலைவாணி எங்கள் இருவரையும் பார்த்தாள். அடுப்பை அணைத்தாள்.

"மழைப்பா. அதான் நிக்கல. வரணும்னுதானே இம்மாந்தூரம் உன் பின்னாடி வந்தாங்க."

அவர் தலையாட்டினார். கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. திங்கட்கிழமை அவள் சாவியைக் கொடுத்துவிட்டாள்.

நான் கிளம்பும்போது கலைவாணி என்னைத் தனியாக அழைத்து, சைக்கிளைத் தாண்ட முடியாமல்தான் அவர்கள் வந்தார்கள் என்பதை அப்பாவிடம் எப்போதும் சொல்லிவிடக் கூடாது என்று கேட்டுக்கொண்டாள். சத்தியம் செய்தேன். எட்டு மாதம் காப்பாற்றினேன். என் வாழ்நாளில் நான் காப்பாற்றிய ஒரே ரகசியம் அது.

போன மாதம் ஊருக்குப் போனேன். முனையில் பைபாஸ் நின்றுகொண்டிருந்தார். டீ வாங்கிக் கொடுத்தார். அந்தப் பதினோரு கார் மட்டும் அன்றைக்கு நின்றிருந்தால், என்று நானாகவே பெருமூச்சு விட்டேன்.

"அவங்க எங்க சார் வந்தாங்க? தாண்ட வழியில்லாம வந்தாங்க. ரெண்டாவது வளைவுலயே தெரிஞ்சுபோச்சு" என்றார். "ஓரங்கட்டலாம்னுதான் பாத்தேன். அதுக்குள்ள ஜன்னலாண்ட பொண்ணு சிரிச்சுக்கினு நிக்குது. அது சிரிச்சுப் பாத்து எம்மாம் நாளாச்சு. அதான் வாசல் வரைக்கும் இட்டாந்தேன்."

சத்தியம், ரகசியம் எல்லாவற்றையும் அவரிடம் கொட்டினேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"நீங்க கெளம்புன அன்னிக்கே அதுகிட்ட சொல்லிட்டேன் சார். ரெண்டு பேரும் வுழுந்து வுழுந்து சிரிச்சோம். நீங்க மனசு ஒடஞ்சுபூடுவீங்கன்னு, உங்களுக்கு மட்டும் சொல்ல வேணாம்னு வுட்டுட்டோம்."