திட்டு வாங்கிய ஸ்பேனர் அண்ணே

திட்டு வாங்குவதற்கென்றே பிறந்த இன்னொரு மனிதரை நான் பார்த்ததில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில், போடியில் நான் குமாஸ்தாவாக இருந்த கம்பெனியில் அவர் மெக்கானிக். ஏலக்காயைப் பருமன் வாரியாகப் பிரிக்கும் மிஷினை வியாபாரிகளின் கிட்டங்கியிலும் மலைத் தோட்டங்களிலும் நிறுத்தி, வருஷ ஒப்பந்தம் போட்டுப் பராமரிப்பது எங்கள் தொழில். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஸ்பேனர் இருந்ததால் அவர் ஊருக்கே ஸ்பேனர் அண்ணே.

காலையில் ஜீப்பில் மலையேறுவார். சாயங்காலம் திரும்பும்போது முகம் மலர்ந்திருக்கும்.

"இன்னைக்கு மூணு பேரு திட்டுனாக அப்பு. ஒருத்தர் எங்க அப்பாவையும் சேத்து" என்பார், மாலை போட்டு அனுப்பியது போல. யாரும் திட்டாத நாளில் அவருக்குச் சோறு இறங்காது.

ஒரு வருஷம் மழை பொய்த்தது. ஏலச்செடிகள் கருகின. மிஷினில் போடக் காய் இல்லை; ஒப்பந்தம் புதுப்பிக்கும் மாதமோ நெருங்கியது. மெட்ராஸிலிருந்து மேனேஜர் வந்து இறங்கினார். யார் யார் நம்மை விட்டுப் போவார்கள் என்று பட்டியல் வேண்டும். பாதிக்கு மேல் போனால் போடிக் கிளையை மூடிவிடுவோம் என்றார். எனக்கோ அப்போதுதான் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

புகார் நோட்டைப் புரட்டிப் பட்டியல் எழுதினேன். அதிகம் புகார் சொன்னவர் முதலில், சொல்லாதவர் கடைசியில். ஸ்பேனர் அண்ணே அதை வாங்கிப் பார்த்துவிட்டு, தாளைத் தலைகீழாகத் திருப்பி மேனேஜரிடம் நீட்டினார்.

"இப்பத்தான் சார் சரியா இருக்கு."

"என்ன விளையாட்டு இது?"

"திட்டுறவுக எங்கயும் போகமாட்டாக சார். மிஷினு வேணும்னுதான திட்டுறாக? மருவாதையா உக்கார வைக்கிறவுகதான் கிளம்பிருவாக."

மேனேஜர் நம்பவில்லை. மறுநாள் மூவரும் ஜீப்பில் கிளம்பினோம். குரங்கணித் தோட்டக்காரர் ஜீப்பு நிற்கும் முன்பே ஆரம்பித்துவிட்டார்.

"ஏன்யா, இருக்குறதே நாலு மூடை காயி. அதையும் உங்க மிஷினு ஒடைச்சா நான் எங்கய்யா போவேன்?"

மேனேஜருக்கு வியர்த்தது. ஸ்பேனர் அண்ணே சன்னதியில் நிற்பது போலக் கண்ணை மூடிக் கேட்டார்.

அடுத்து தேவாரம் என்ற ஊருக்குப் போனோம். புகாரே சொல்லாத தேவாரத்து வியாபாரி காப்பி, முறுக்கோடு வரவேற்றார். "மிஷின்ல ஒரு கொறையும் இல்ல தம்பி. தங்கம்." மேனேஜர் இரண்டாவது முறுக்கை எடுத்துக்கொண்டார். வெளியே வந்ததும் ஸ்பேனர் அண்ணே முகம் தொங்கிவிட்டது.

"இவுக போயிட்டாக சார்."

"முறுக்கெல்லாம் கொடுத்தாரே?"

"மூடியத் தொறந்து பாத்தேன். உள்ள எலி குட்டி போட்டிருக்கு. ஓடி நாலு மாசமாவது இருக்கும். ஓடாத மிஷினுக்கு என்ன கொறை வரும்?"

நோட்டில் புகாரே சொல்லாதவர்களை எண்ணினால் பாதியைத் தாண்டியது. மேனேஜர் பையை மூடினார். ஸ்பேனர் அண்ணே ஒரு மாதம் அவகாசம் கேட்டார். கிடைத்தது.

அந்த மாதம் அவர் வீட்டுக்கே சரியாகப் போகவில்லை. தகரத்தில் வேறு வேறு அளவில் ஓட்டை போட்டு, மிளகுக்கு ஒன்று, காப்பிக்கொட்டைக்கு ஒன்று எனச் சல்லடைகள் செய்தார். திட்டாதவர் ஒவ்வொருவராகத் தேடிப்போய், ஏலக்காய்ச் சல்லடையைக் கழற்றிவிட்டு இதை மாட்டினார்.

மூன்றாவது வாரம், தேவாரத்து வியாபாரி பஸ்சைப் பிடித்து ஆபீசுக்கே வந்துவிட்டார்.

"என்ன எழவு சல்லடைய்யா அது? எட்டே நாள்ல கிழிஞ்சு, மொளகு பூராம் தரையில கெடக்கு. வெரசா ஆள அனுப்புங்கய்யா, சோலி கெடக்கு."

ஸ்பேனர் அண்ணே எழுந்து, தன் நாற்காலியை அவருக்குப் போட்டார். கண் கலங்கியிருந்தது.

"இன்னும் ரெண்டு வார்த்தை திட்டுங்கண்ணே" என்றார்.

கடைசியில் விட்டுப் போனவர்கள் நாலே பேர். கிளை பிழைத்தது, என் கல்யாணமும் குறித்த நாளில் நடந்தது.

பட்டியலில் என் கையெழுத்து இருந்ததால் மெட்ராஸிலிருந்து பாராட்டுக் கடிதம் என் பெயருக்கு வந்தது. கூசிப்போய், எல்லாம் எங்கள் மெக்கானிக் செய்ததுதான் என்று பதில் எழுத உட்கார்ந்தேன். பேனா பாதியில் நின்றது. ஐந்து வருஷம் ஒரே டிபன் கேரியரில் கை போட்டுச் சாப்பிட்ட மனிதரின் பெயர் எனக்குத் தெரியவில்லை. கேட்டதும் வெட்கப்பட்டு, மெதுவாகச் சொன்னார்.

அந்தப் பெயரைச் சொல்லி அவரை நான் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. அடுத்த வருஷம் மகன் பிறந்தபோது அவனுக்கு வைத்தேன். அன்றிலிருந்து தினமும் கூப்பிடுகிறேன்.