பேசாத ஆமை

இந்த ஞாயிற்றுக்கிழமை என் ஆட்டம் கடைசி அறை வரை போயே தீர வேண்டும் என்று சபதம் எடுத்தேன்.

ஆறு மாதம் உட்கார்ந்து நானே எழுதிய ஆட்டம். மரபணு மாற்றிய மிருகங்கள் ஓர் ஆய்வுக்கூடத்திலிருந்து தப்ப வேண்டும். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு மிருகமாகப் பேசி, பகடை உருட்டி ஆடுவது. காவலாளி நான். மொத்தம் ஒன்பது அறைகள். இதுவரை ஒருவரும் இரண்டாம் அறையைப் பார்த்ததில்லை. காரணம், என் மனைவி.

முதல் முறை, "இந்த அறையில ஜன்னல் இருக்காங்க?" என்றாள்.

"இருக்கு."

"அப்ப நாங்க குதிச்சுப் போயிட்டோம்."

நான்கே நிமிடம். அடுத்த முறை ஜன்னலை எடுத்துவிட்டேன்.

"கூண்டு கழுவ ஆள் வருவாங்கல்ல? அவங்க பின்னாலயே போயிட்டோம்."

மூன்றே நிமிடம்.

அதனால் இந்த முறை அவளுக்கு ஆமையைக் கொடுத்தேன். ஆமை பேசாது, ஆமையாக ஆடுபவரும் பேசக்கூடாது. அநியாயமாகத் தெரியக்கூடாதே என்று ஒரு சக்தியும் சேர்த்தேன்: ஆமை உற்றுப் பார்த்தால் காவலாளி உண்மையைச் சொல்ல வேண்டும்.

"சரிங்க" என்றாள். அந்தச் 'சரிங்க'வுக்கே நான் பயந்திருக்க வேண்டும்.

பக்கத்து வீட்டுப் பல் டாக்டர், நாய் மூக்குள்ள காகம். மகள், நீச்சல் தெரிந்த பூனை. அரை மணி நேரம் முதல் அறையிலேயே சுற்றினார்கள்.

"கதவைக் கண்டுபிடிச்சா என்ன சார் இருக்கும்?"

"ரெண்டாவது அறை, டாக்டர்."

"அதுல?"

"இன்னொரு கதவு."

ஊரார் வாயையெல்லாம் திறக்கவைப்பவர், தன் வாயைப் பொத்திக்கொண்டு கொட்டாவி விட்டார். மகள் போனை எடுத்தாள். ஆறு மாத உழைப்பு.

அப்போதுதான் மனைவி என்னை உற்றுப் பார்த்தாள்.

"அப்பா, ஆமை பார்க்குது" என்றாள் மகள். "உண்மையைச் சொல்லுங்க. ஆமை ஏன் பேசாது?"

"அது... ஆட்டம் சுவையா இருக்கத்தான்."

ஆமை இமைக்கவில்லை.

"உங்கம்மா பேசினா ஆட்டம் மூணு நிமிஷத்துல முடிஞ்சிடும்" என்றேன்.

டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். மகள் போனைக் கவிழ்த்து வைத்தாள். அதன் பிறகு ஒருவரும் அசையவில்லை. ஆமை பார்த்தது, பூனை கேட்டது, காவலாளி உளறினான். நான்காம் அறையில், சாவி இருக்கும் இடத்தைச் சொன்னேன். ஆறாம் அறையில், வீட்டில் மனைவியின் கண்ணாடி ஜாடியை உடைத்தது யார் என்று சொன்னேன்.

"இது ஆட்டத்துல வராதே" என்றும் சொல்லிப் பார்த்தேன்.

டாக்டர் விதியைப் படித்துக் காட்டினார். "உண்மையைச் சொல்லணும்னுதான் சார் எழுதியிருக்கீங்க. எதைப் பத்தினு எழுதலையே."

ஒன்பதாம் அறையின் கதவு திறந்தது. மூன்று மிருகங்களும் வெளியே போயின. என் கண் கலங்கிவிட்டது. ஒரு வார்த்தையில் ஆட்டத்தை முடிக்கத் தெரிந்தவள், எனக்காக மூன்று மணி நேரம் வாயைத் திறக்கவில்லை.

"ரொம்ப நன்றிம்மா" என்றேன். மனமாரத்தான் சொன்னேன்.

"நல்ல ஆட்டங்க" என்றாள், ஆட்டம் தொடங்கிய பிறகு முதல்முறையாக வாய் திறந்து. "இன்னும் ஒரு பத்து அறை எழுதுங்க. எனக்குக் கேள்வி பாக்கி இருக்கு."