சபாஷ் சொன்னால் நிற்கும் வண்டி

பயிற்சி மைதானத்தில் வண்டி இடித்து மூன்றாவது முறையாகப் பீப்பாய் உருண்டதும், ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிக்காரர் கண்களை இறுக மூடிக்கொண்டார்.

"உருண்டுடுச்சு போலிருக்கே, மாப்பிள்ளை?" என்றாள் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த மாமியார்.

"பிரேக்குன்னு ஒண்ணு இருக்கு அத்தை."

"தெரியும். மிதிக்கலாம்னு நினைக்கறதுக்குள்ள பீப்பாய் வந்துடுதே!"

அத்தைக்கு ஊருக்கு வெளியே விதைப் பண்ணையில் வேலை கிடைத்திருந்தது. பஸ் போகாத இடம். அடுத்த திங்கட்கிழமை சேர வேண்டும். இந்த வெள்ளிக்கிழமை லைசென்ஸ் தேர்வு. அதில் தவறினால் வேலை போய்விடும். பள்ளியின் பெயரும் கூடவே போய்விடும். சொந்த மாமியாருக்கே ஓட்டக் கற்றுத்தர முடியாதவரிடம் யார் வருவார்கள்?

அவர் மனைவி தபால் வழியில் மனோதத்துவம் படிப்பவள்.

"திட்டாதீங்க. சரியாச் செஞ்சா உடனே பாராட்டி, பரிசு குடுங்க. எலி, புறா எல்லாம் அப்படித்தான் கத்துக்குதாம்."

"உங்கம்மாவைப் புறான்னது நீதான். நான் இல்லை. ஞாபகம் வச்சுக்க."

மறுநாள் வண்டி பீப்பாய்க்கு ஒரு சாண் முன்னால் சட்டென்று நின்றது. பள்ளிக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது.

"சபாஷ் அத்தை!" என்று ஒரு புதினா மிட்டாயை நீட்டினார்.

"நான் ஒண்ணுமே பண்ணலையே மாப்பிள்ளை?"

"அதுதான் இதுல விசேஷம். பண்றவங்களுக்கே தெரியாது!"

புதன்கிழமை வண்டி காக்கைக்கு நின்றது. காய்ந்த இலைக்கு நின்றது. ஒவ்வொன்றுக்கும் ஒரு சபாஷ், ஒரு மிட்டாய்.

"பல்லு கூசுது மாப்பிள்ளை."

"மிட்டாயை நிறுத்துங்க, பாராட்டு போதும்" என்றாள் மனைவி. நிறுத்தினார். இப்போது வெறும் 'சபாஷ்' கேட்டாலே வண்டி நின்றது. வியாழக்கிழமை, வேறொரு மாணவன் தேறிவிட்டதாகப் போன் வந்தது. "சபாஷ்டா!" என்றார். நட்ட நடுச் சந்தியில் வண்டி நின்றுவிட்டது. பின்னால் ரொட்டி வேன்காரர் இறங்கி வந்து, அகராதியில் இல்லாத வார்த்தைகளாகத் தேர்ந்தெடுத்துத் திட்டினார்.

"ஐயோ, ரொம்ப நல்லாப் பழகிட்டாங்க!" மனைவிக்குப் பெருமை தாங்கவில்லை. "நாளைக்கு நீங்க வாயே திறக்காதீங்க."

வெள்ளிக்கிழமை பள்ளிக்காரர் உதட்டைக் கடித்தபடி முன்சீட்டில் அத்தை பக்கத்தில் உட்கார்ந்தார். தேர்வு அதிகாரி பின்சீட்டில். மனிதர் தங்கமானவர். அதுதான் வினையாயிற்று.

அத்தை வளைவில் அலுங்காமல் திரும்பினாள்.

"சபாஷ்!" என்றார் அதிகாரி.

கிறீச்! அதிகாரியின் மூக்குக்கண்ணாடி முன்சீட்டுக்கு வந்தது.

"காக்கா ஏதாவது குறுக்கே வந்துச்சா?" என்று கேட்டபடி அதை வாங்கி மாட்டிக்கொண்டார்.

அத்தை வண்டியைப் பின்னோக்கி எடுத்து, இரண்டு கம்பங்களுக்கு நடுவே பூப்போல நுழைத்தாள். கோட்டருகே தானே மெதுவாக நிறுத்தி, மறுபடி கிளப்பினாள்.

"அடடா, சபாஷ்!"

கிறீச்!

வேலை போச்சு, பள்ளி போச்சு என்று பள்ளிக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். அதிகாரி நெற்றியைத் தேய்த்தபடி இரண்டு சீட்டுக்கும் நடுவே குனிந்து, கீழே வெகுநேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து சொன்னார்:

"அம்மா பாஸ். சார், நீங்க உங்க பக்கம் இருக்கற ரெண்டாவது பிரேக்ல இருந்து காலை எடுங்க."